எட்டு கவுண்ட்டுக்குள் ஒரு சிக்ஸ் ஸ்டெப்

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது கொழும்புப் பாடசாலைகளின் சியர்லீடிங் குழுக்களுக்குள் ஓர் ஆசை கிளம்பும்: இந்த முறை நடுவில் கொஞ்சம் பிரேக் டான்ஸ் போடுவோம். உடனே கைபேசியை எடுத்துத் தேடுவார்கள். தலையில் நின்று சுழல்வது, தோளிலும் முதுகிலும் உருண்டு கால்களை வீசிச் சுற்றும் விண்ட்மில், முதுகில் சுழல்வது என்று கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்தான் மனம் போகும். ஒரு போட்டிக்கு ஆறேழு வாரம் இருக்கும்போது அவை எதையும் தொட வேண்டாம் என்பதுதான் எங்கள் முடிவு. விண்ட்மில் ஒருவருக்கு ஒழுங்காகப் பிடிபடவே மாதக்கணக்காகும். பன்னிரண்டு பேருக்கு அது ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக, ஒரே உயரத்தில் வர வேண்டும் என்றால் நினைத்தும் பார்க்க முடியாது. சியர்லீடிங்கில் ஒருவர் கெட்டிக்காரராக இருப்பதில் பலன் குறைவு. பன்னிரண்டு பேரும் ஒன்றாகச் செய்யும் எளிய அசைவுதான் மைதானத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அதற்கு ஏற்றது சிக்ஸ் ஸ்டெப். அதன் முடிவில், முடிந்தவர்களுக்கு மட்டும், ஒரு பேபி ஃப்ரீஸ், அதாவது கைகளில் பாரத்தைத் தாங்கி அசையாமல் பிடிக்கும் நிலை.

சிக்ஸ் ஸ்டெப் என்பது தரையில் கை ஊன்றி, கால்களை மாறி மாறி ஆறு அடி வைத்துக் கைகளைச் சுற்றி ஒரு வட்டம் வருவது. பிரேக்கிங் பழகுகிறவர்கள் தரை அசைவுகளில் பெரும்பாலும் முதலில் எடுப்பது இதைத்தான். சிக்கல் கணக்கில் இருக்கிறது. இதில் அடி ஆறு, சியர்லீடிங்கில் கவுண்ட், அதாவது இசைத் தட்டோடு எண்ணும் எண்ணிக்கை, எட்டு. பரதம் படித்த பிள்ளைகளிடம் "ஆதிக்குள் ரூபகம் வைக்கிறோம்" (எட்டு எண்ணிக்கைத் தாளத்துக்குள் ஆறு எண்ணிக்கைத் தாளம்) என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். நாலு சுற்றுத் தொடர்ந்து செய்தால் 24 அடி, அதாவது மூன்று எட்டு. கணக்குச் சரிதான். ஆனால் இரண்டாவது சுற்று முதல் எட்டின் 7-இல் தொடங்கும், மூன்றாவது சுற்று அடுத்த எட்டின் 5-இல், நாலாவது அதற்கடுத்த எட்டின் 3-இல். தாளம் நன்றாக ஊறியவர்களைத் தவிர மற்றவர்கள் இரண்டாவது சுற்றிலேயே தடம் மாறிவிடுவார்கள். ஆகவே ஒரு சுற்று மட்டும் போடுங்கள்: 1 முதல் 6 வரை அடிகள், 7-உம் 8-உம் ஃப்ரீஸ். ஓர் எட்டு முழுதாக மூடிக்கொள்ளும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் சியர்லீடிங் என்றால் பப்பரே என்ற பாண்டு வாத்திய இசையும் பைலா என்ற துள்ளலிசையும் இல்லாமல் இருக்காது. பைலாவின் தாளம் ஆறு-எட்டு என்பதால் சிக்ஸ் ஸ்டெப் அதில் தானாகப் பொருந்தும் என்று சிலர் நினைக்கிறார்கள். பொருந்தாது. பைலாவின் அந்த ஆறும் சின்னத் துடிப்புகள், அந்த வேகத்துக்குக் கால் போகாது. பெரிய தட்டுக்கு ஓர் அடி வைத்தால் போகும், ஆனால் அசைவு துள்ளலை இழந்து சப்பென்று ஆகிவிடும். பைலாவை நின்று ஆடும் பகுதிக்கு வைத்துக்கொண்டு, தரைப் பகுதிக்கு நாலு தட்டு ஓடும் இசையை வெட்டி ஒட்டுங்கள்.

வேகமும் முக்கியம். சியர் மிக்ஸ்கள் பல நிமிடத்துக்கு 140 தட்டுக்கு மேல் ஓடும். அதில் தட்டுக்கு ஓர் அடி என்றால் நொடிக்கு இரண்டுக்கும் மேல், புதியவர்களுக்கு அது ஆகாது. பாதி வேகத்தில், அதாவது 70-இல் வைத்தால் ஒவ்வோர் அடியிலும் உடற்பாரம் முழுக்கக் கையில் தொங்கி நிற்கும், மணிக்கட்டு நோகும். 100 முதல் 115 வரை உள்ள ஒரு துண்டுதான் வசதி. 110-இல் ஓர் எட்டு நாலரை நொடிக்குச் சற்றுக் குறைவாக வரும். பழகும்போது முதலில் இசையே வேண்டாம். பிறகு 80, பிறகு 95, பிறகுதான் மேடை வேகம்.

தரையைப் பற்றி. பாடசாலை மண்டபத்தின் டெராசோ தரை நல்லது, காய்ந்திருக்கும்வரை. கொழும்பின் ஈரப்பதத்தில் பத்து நிமிடத்துக்குள் உள்ளங்கை வியர்த்து, தரையில் கை அச்சுத் தெரியும். அதன் பிறகு வழுக்கும். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சின்னத் துவாய் இருக்கட்டும், ஒரு சுற்று முடிந்ததும் கையையும் தரையையும் துடைத்துவிட வேண்டும். வெயில் காய்ந்த கொங்கிரீட் முற்றத்தில் பிற்பகல் பயிற்சி வேண்டாம், கை சுட்டுவிடும். தடித்த ஸ்பொன்ஜ் மெத்தை பாதுகாப்பானது போலத் தோன்றும். ஆனால் அதில் உள்ளங்கையின் அடி புதைந்து மணிக்கட்டு இன்னும் மடங்குவதால் நோ கூடத்தான் செய்யும். பொருத்திப் போடும் மெல்லிய ஃபோம் பாய் பரவாயில்லை, மூட்டுகளை அடிப்பக்கமாகப் பிளாஸ்டர் போட்டு ஒட்டினால். ஒட்டாவிட்டால் மூன்றாவது அடியில் துண்டுகள் பிரியும். காலிமுகத்திடலோ பாடசாலை மைதானமோ, புல்லில் செய்வதென்றால் கடைசி இரண்டு வாரமாவது புல்லில்தான் பழக வேண்டும். மண்டபத்தில் சறுக்கிப் போன கால் புல்லில் பிடித்துக்கொள்ளும். அங்கே காலை இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரை மணல் இதற்கு உதவாது.

சப்பாத்து: அடி தட்டையான கான்வாஸ் போதும். வெறுங்காலில் பழகினால் ஐந்தாம் அடியில் கால்விரல்களின் மேல்தோல் உரசிப் போகும். பாவாடைக்குக் கீழே முழங்கால்வரை டைட்ஸ் கட்டாயம். முழங்காலுக்கு வொலிபோல் வீரர்கள் போடும் மெல்லிய உறை நல்லது. வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும். மணிக்கட்டில் கட்டிய கோயில் நூலைக் கழற்ற மனமில்லாவிட்டால் அதன்மேல் மென்மையாகப் பட்டி சுற்றுங்கள். கொண்டையைப் பின் கழுத்துப் பக்கம் தாழ்வாகப் போட வேண்டும். தலையின் பக்கத்தில் கிளிப்போ ஊசியோ இருக்கவே கூடாது, ஃப்ரீஸில் தரையைத் தொடுவது அந்த இடம்தான்.

உடலைச் சூடாக்கும்போது மணிக்கட்டுக்கு மட்டும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முழந்தாளிட்டு, உள்ளங்கையைத் தரையில் வைத்து, விரல்களை முன்னும் பின்னும் வெளிப்பக்கமுமாகத் திருப்பி, பாரத்தை மெல்ல ஏற்றி இறக்க வேண்டும். பிறகு தண்டால் நிலையில் 30 நொடி, மூன்று தடவை. பிறகு அதே நிலையில் ஒரு கையைத் தூக்கி மூன்று நொடி, மறு கை மூன்று நொடி. இது வராதவருக்குச் சிக்ஸ் ஸ்டெப் வராது. ஏனென்றால் ஆறு அடிகளில் பெரும்பாலும் ஒரு கைதான் தரையில் இருக்கிறது.

இப்போது அடிகள். தரையில் சோக்கால் ஒரு கடிகார முகம் வரையுங்கள், விட்டம் ஏறக்குறைய இரண்டு மீற்றர். பார்வையாளர் இருக்கும் பக்கம் 12. இரண்டு கையும் நடுவில், தோள் அகலத்தில். தலை 12-ஐ நோக்க, தண்டால் நிலையில், வலது கால் 5-இலும் இடது கால் 7-இலும் இருக்கட்டும். எண்ணிக்கையோடு சேர்த்து ஒவ்வோர் அடிக்கும் ஒரு சின்னச் சொல்லைக் கூப்பிட்டுப் பழக்குவது எங்கள் வழக்கம்: நுழை, கொக்கி, திற, வெட்டு, நீட்டு, மூடு. பிள்ளைகள் இலக்கத்தை மறந்தாலும் சொல்லை மறப்பதில்லை.

நுழை: இடது கையைத் தூக்கி, வலது காலை உடலுக்குக் கீழால் நுழைத்து 9-இல் வை. பாரம் வலது கையில். கொக்கி: இடது காலைக் கொண்டுவந்து வலது காலுக்குப் பின்னால் வை. இடது முழங்கால் வலது முழங்காலின் பின்மடிப்பில் போய் மாட்டும் அளவுக்கு நெருக்கமாக. திற: வலது காலை எடுத்து 1-இல் வை, இடது பாதம் 11-க்கு வரும். இப்போது இடுப்புத் தாழ்ந்து, நெஞ்சு பார்வையாளரை நோக்கித் திறந்திருக்கும். இடது கையைப் பின்னால் ஊன்று. ஒரு கணம் இரண்டு கையும் தரையில். வெட்டு: வலது கையைத் தூக்கி, இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே வெட்டி 3-க்குக் கொண்டுபோ. நீட்டு: பின்னால் இருக்கும் வலது காலை 5-க்கு நீட்டு. வலது கை மறுபடி தரைக்கு வரும். மூடு: இடது காலை 7-க்குக் கொண்டுபோய்த் தொடங்கிய நிலைக்கு வா.

வலது, இடது, வலது, இடது, வலது, இடது. ஒரே கால் இரண்டு தடவை அடுத்தடுத்து நகர்ந்தால் எங்கோ பிழை என்று அர்த்தம். கடைசி மூன்று அடிகள் முதல் மூன்றின் கண்ணாடி உருவம்தான். இது விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதிகம் குழம்புவது நாலாவது அடி. இடது காலை முன்னால் வெட்டாமல் பின்னால் கொண்டுபோவார்கள். உடனே கால்கள் பூட்டிக்கொண்டு, ஐந்தாவது அடிக்கு விடுபட்ட கால் இருக்காது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். "இரண்டில் பின்னால், நாலில் முன்னால்" என்று சொல்லச் சொல்லி, கையை ஊன்றாமல் நின்றபடியே இந்த இரண்டு குறுக்கு அடிகளையும் மட்டும் நடந்து பழக்கினால் தீரும். இரண்டாவது அடியில் பாதத்தைத் தூரமாக வைப்பதும் வழமையான பிழை. கொக்கி மாட்டாது, மூன்றாவது அடி தாமதிக்கும், அவர் ஒருவரால் வரிசை முழுதும் குலையும். மூன்றாவது அடியில் பின்பக்கம் தரையில் பட்டால் குதிக்கால் தரையில் இருக்கிறது என்று அர்த்தம். பாரம் முன்பாதத்துக்கு வர வேண்டும். பரதத்தின் முழுமண்டி தெரிந்தவர்களுக்கு இது இலேசு, குதிக்கால் உயர்ந்த அந்த நிலை அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். அவர்களிடம் வேறொரு பழக்கம் தடையாக நிற்கும்: முதுகை நிமிர்த்தி வைப்பது. நிமிர்ந்தால் கை தரையை எட்டாது. நெஞ்சைப் பின்னால் சாய்க்க அவர்களைத் தனியாகப் பழக்க வேண்டும்.

மணிக்கட்டு நோகிறது என்றால் முதலில் விரல்களைப் பாருங்கள். விரல்கள் ஒட்டியிருந்தால் பாரம் முழுதும் உள்ளங்கையின் அடியில் விழும். விரித்து, நுனிகளால் தரையை அழுத்தச் சொல்லுங்கள். முதல் வாரங்களில் தரை வேலை ஒரு நாளைக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒன்றுவிட்ட நாளாக வாரத்தில் மூன்று நாள் போதும். இரவு கழிந்தும் நோ நின்றால் அன்று கை ஊன்றக் கூடாது. கால் வரிசையை நின்றபடி நடக்கலாம். வீங்கினால் வைத்தியரிடம்தான் போக வேண்டும், எண்ணெய் போட்டு உருவுகிற வேலை இல்லை.

பேபி ஃப்ரீஸை வேறாகப் பழக்கி, பிறகு சேர்க்க வேண்டும். முழந்தாளிட்டுத் தொடங்குங்கள். வலது முழங்கையை மடித்து வயிற்றின் வலது பக்கம், இடுப்பெலும்புக்கு உட்புறமாக மெத்தென்ற இடத்தில் குத்தி வை. விலா எலும்பில் வைத்தால் நோகும், வழுக்கியும் போகும். வலது கையின் விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கட்டும். இடது கையை முகத்துக்கு முன்னால், ஒரு முழங்கை நீளத் தூரத்தில் ஊன்று. நெற்றியின் பக்கம், முடி தொடங்கும் இடம், மெல்லத் தரையைத் தொடட்டும். உச்சியும் இல்லை, காதுப் பக்கமும் இல்லை. இரண்டு கையும் தலையும் ஒரு முக்கோணம். வலது முழங்காலின் வெளிப்புறத்தை இடது முழங்கையின்மேல் ஏற்றி வை. பிறகு ஒரு கால்விரல், அடுத்த கால்விரல் என்று தரையிலிருந்து எடு. குதித்து ஏறக் கூடாது. பாரம் கைகளில்தான், தலை தரையைத் தொட்டிருக்க மட்டுமே. கழுத்தில் அழுத்தம் தெரிந்தால் முக்கோணம் சிறிதாகிவிட்டது, இடது கையைத் தள்ளி வைக்க வேண்டும்.

பாடசாலை 1.30-க்கு விட்டதும் சிற்றுண்டிச்சாலையில் ரோல்ஸும் பெட்டிஸும் முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருவார்கள். அந்த வயிற்றில் முழங்கையைக் குத்தினால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் குடித்துக் கால் வரிசையைப் பழகட்டும். ஃப்ரீஸைச் சனிக்கிழமைக் காலைக்கு வைத்துவிடுங்கள்.

சேர்க்கும்போது ஒரு நுணுக்கம். ஆறாவது அடியில் இடது காலைக் கடிகாரத்தின் 7 வரை முழுதாக நீட்டினால், அடுத்த கவுண்ட்டில் இரண்டு காலையும் மடித்து முழங்கையும் குத்த நேரம் போதாது. ஆகவே ஃப்ரீஸுக்குப் போகும் சுற்றில் 'மூடு' என்பதைப் பாதியில் நிறுத்தி, இரு முழங்காலையும் மடித்து இடப்பக்கம் சாய்த்து விடுங்கள். கவுண்ட் 7-இல் முழங்கையும் தலையும், 8-இல் கால்விரல்கள் எழும். ஃப்ரீஸ் வராதவர்களை வதைக்க வேண்டாம். அவர்கள் வலது முழங்காலை ஊன்றி இடது கையை உயர்த்தி நிற்கட்டும். நடுவில் நால்வர் ஃப்ரீஸ், இரு கரையிலும் மற்றவர்கள் முழங்கால் நிலை என்று வைத்தால் திட்டமிட்டுச் செய்தது போலவே இருக்கும், அழகாகவும் இருக்கும்.

அணிவகுப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தரை அசைவின் உயரம் முழங்கால் அளவு. மைதானத்தில் பந்தலின் கீழ் அமர்ந்திருக்கும் நடுவர்களுக்கு முன் வரிசை தவிர வேறு எதுவும் தெரியாது. எனவே சிக்ஸ் ஸ்டெப் முன் வரிசைக்கு மட்டும். பின் வரிசை நின்றபடி கையால் வெட்டான அசைவுகள் கொடுக்கட்டும். ஒருவரின் நடுவுக்கும் அடுத்தவரின் நடுவுக்கும் குறைந்தது இரண்டு மீற்றர். எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றினால் கால்கள் இணையாகவே நகரும். ஓர் இடதுகைக்காரர் தன் வசதிக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால் மோதல் நிச்சயம். மூன்றாவது கவுண்ட்டில் நெஞ்சு திறக்கும் அந்தக் கணம்தான் முகம் தெரியும் கணம். அதில் பார்வையை மேலே, நடுவர்களிடம் தூக்க வேண்டும். கால்களைப் பார்த்தபடி செய்கிறவர் அந்தக் கணத்தைத் தவறவிடுகிறார். ஒருவரை மற்றவர்கள் தூக்கிப் பிடிக்கும் நிலைகள் நடக்கும் இடத்துக்கு அருகில் யாரையும் தரையில் விடக் கூடாது.

பொம் பொம் (நார்க் குஞ்சம்) கையில் இருக்கும்போது தரையில் கை ஊன்றவே முடியாது, நார்கள் வழுக்கிவிடும். பக்கத்தில் வைத்தால் 9-க்கோ 3-க்கோ வரும் கால் அதன்மேல் ஏறும். முன்னால் வைத்தால் 12-இல் மிதிபடும். அணி மாறும்போதே முன் வரிசை தங்களுடையதைப் பின் வரிசையிடம் கொடுத்துவிட, அவர்கள் கைக்கு இரண்டாகப் பிடித்து ஆடுவது நல்ல வழி, பின்னால் நிறமும் அடர்த்தியாகத் தெரியும்.

இறங்குவதற்கும் எழுவதற்கும் தனித்தனி எட்டு வேண்டும். முதல் எட்டில் 1 முதல் 4 வரை நின்ற அசைவு, 5-6 குந்திக் கை ஊன்றல், 7-8 கால்களைப் பின்னால் எறிந்து தண்டால் நிலை. இரண்டாம் எட்டு சிக்ஸ் ஸ்டெப்பும் ஃப்ரீஸும். மூன்றாம் எட்டில் 1-2 அசையாமல் பிடி, 3-4 கால்களை இறக்கு, 5-6 குந்து, 7-8 எழு. அந்த 1-2 பிடிப்பைப் பயத்தில் அவசரமாக விட்டுவிடுவார்கள். கைதட்டல் விழும் இடம் அதுதான், பிடிக்கப் பழக்குங்கள்.

பெண் பிள்ளைக்கு இந்தத் தரையில் உருளும் வேலை எதற்கு என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் ஒரு போட்டியாக இருந்ததையும், பெண்கள் பிரிவில் ஜப்பானின் அமி தங்கம் வென்றதையும் காட்டினால் பலரும் சம்மதிப்பார்கள். 1970-களில் நியூயோர்க்கின் பிராங்ஸ் தெருக்களிலும் விருந்துகளிலும் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் வளர்த்தெடுத்த கலை இது என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

போட்டி நாளில் ஒருவர் அடி தவறினால் என்ன செய்வது என்பதையும் பழக்கியே அனுப்ப வேண்டும். தவறிய அடியை ஓடிப் பிடிக்கப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரின் காலில்தான் மாட்டும். இருக்கிற இடத்தில் குந்தி, ஒரு கையைத் தரையில் வைத்து, முகத்தை மேலே தூக்கி, 7 வரும்வரை காத்திருந்து, மற்றவர்களோடு சேர்ந்து முழங்கால் நிலைக்குப் போகட்டும். பயிற்சியில் எச்சரிக்காமல் ஒருவரின் பெயரைக் கூப்பிட்டு, "நீ இப்போது தவறிவிட்டாய்" என்று சொல்லி இதைப் பழக்குங்கள், ஒவ்வொரு நாளும் வேறொருவருக்கு.